கடைமடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி

கிளவுட் சேவை ஒன்றோடு பேச ஜாவாஸ்கிரிப்டில் எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கு எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கூகுளின் ஃபயர்பேஸை எடுத்துக்கொண்டால், ஒரு ஜிமெயில் கணக்கும் ஒரு லேப்டாப்பும் அரைமணி நேரமும் போதும். புது ப்ராஜெக்ட் திறந்து, நம்முடையது வலைச் செயலி என்று பதிந்து, அது தரும் ஏழெட்டு வரி அமைப்பை நகலெடுத்துக்கொண்டு, ‘என்பிஎம் இன்ஸ்டால் ஃபயர்பேஸ்’ என்று அடித்தால் லைப்ரரி இறங்கிவிடும். அதற்கு மேல் நாலே வரிதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தட்டியது மும்பையில் இருக்கும் கணினியில் பதிவாகிவிடுகிறது. அப்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். முதல் விடை சரியாக வந்த பிள்ளையின் முகத்துக்கு இணையான காட்சி எனக்குத் தெரியாது.

அந்த அரைமணியில் யாரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. அனுப்பியது போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் கொற்கைக்காரர்கள் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேற்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. அந்தக் கடைசி அணைக்கும் கீழே, ஆறு புன்னைக்காயலில் கடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். பாபநாசத்தில் பிசானத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால், மேற்கே இருப்பவர்கள் அன்றைக்கே நாற்றங்காலில் இறங்கலாம். நாங்கள் கால்வாய்க் கரைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் விதைநெல்லை ஊறவைப்போம். திறந்தது வேறு, வந்து சேர்ந்தது வேறு. கடைமடையில் பிறந்த பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. லைப்ரரியைத் தொடும் முதல் நாளிலேயே இந்தப் புத்தியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு வருஷத்து மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நகர முடியாமல் நின்றது. ஏரல் பாலம் உடைந்தது. கரன்ட் போயிற்று, டவர் போயிற்று. எந்தக் குளம் மறுகால் பாய்கிறது, எந்தக் கரை கசிகிறது என்று பக்கத்து ஊருக்குச் சொல்லக்கூட வழியில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, எங்கள் பகுதியில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் கூடி ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு குளத்திலும் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் ஒருவர் கைபேசியில் பதியவேண்டும், சுற்றுவட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கவேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தது ஃபயர்பேஸின் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸை.

வேறு சேவையையும் தேர்ந்திருக்கலாம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவுக்குக் கேட்டலிஸ்ட் என்ற சேவை இருக்கிறது. அதற்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கும் நிறுவனம் என்பதால் அதன்மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் இருப்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி எந்தச் சேவைக்கும் பொருந்தும்.

முதலில் காத்திருப்பதைப் பற்றி. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வடித்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசருக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. அதனால் வெளியிலிருந்து வரவேண்டிய ஒரு பதிலுக்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது அதன் சுபாவத்திலேயே இல்லை. கிளவுடுக்கு ஒரு பதிவை அனுப்பு என்று சொன்னால், அனுப்பும் வேலையைத் தொடங்கிவிட்டு, ‘முடிந்ததும் சொல்கிறேன்’ என்று ப்ராமிஸ் என்ற பொருளை நம் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வரும்வரை நிற்கவேண்டுமானால், நாமே ‘அவெய்ட்’ என்று எழுதவேண்டும். ப்ராமிஸ் மொழியின் தரத்துக்குள் வந்தது 2015இல், அவெய்ட் வந்தது 2017இல். தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் நாள்கணக்கில் தவிக்கிறார்கள். படித்த தகவல் வெறுமையாக இருக்கிறதே என்பார்கள். தகவல் அங்கே இருக்கும். அது வருவதற்கு முன்பே அடுத்த வரி ஓடியிருக்கும்.

குளத்து அளவு வேலையைக் கையில் எடுத்த பிள்ளைகளில் என் பேத்தியும் ஒருத்தி. ஒருநாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினாள். கொற்கைக் குளம், இத்தனை அடி, கீழே பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’.

“சேவ் ஆயிட்டு தாத்தா. பாருங்க, வந்துட்டுல்லா?”

“ஆயிட்டுன்னு சொன்னது யாரு தாயி? மும்பையா, நீ எழுதின வரியா?”

கொஞ்சம் யோசித்தாள். “நான் எழுதின வரிதான்.”

பிறகு அவளே வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அனுப்பிப் பார்த்தாள். அப்போதும் அதே பச்சை எழுத்து வந்தது. அவெய்ட் சேர்த்துப் பார்த்தாள். இப்போது பச்சை வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தேடிப் படித்ததையெல்லாம் எனக்கும் விளக்கினாள். நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

ஃபயர்ஸ்டோர் லைப்ரரி, இணைப்பு இல்லாதபோது எழுதுவதைத் தன்னிடம் வரிசையாக வைத்துக்கொள்ளும். இணைப்பு வந்ததும் தானே அனுப்பிவிடும். அதுவரை ப்ராமிஸ் முடிவுக்கு வராது. சர்வர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொன்னால்தான் முடியும். வட்டம் சுற்றியதற்குக் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் எழுதும் செயலிகளில் இந்த வரிசை கருவியின் நினைவகத்தில் நிலையாக எழுதப்படும். வலைச் செயலியில் அப்படியில்லை. நாமாகச் சொன்னால் ஒழிய, பிரவுசர் தாவல் திறந்திருக்கும் வரைதான் அந்த வரிசைக்கு உயிர். தாவலை மூடினால் போயிற்று. டேட்டாபேஸைத் தொடங்கும்போதே ‘பெர்சிஸ்டென்ட் லோக்கல் கேஷ்’ என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால் பிரவுசருக்குள் இருக்கும் இண்டெக்ஸ்டுடிபி என்ற சேமிப்பில் எழுதிவைக்கும். போனை அணைத்து எழுப்பினாலும் இருக்கும். பிரவுசர் டேட்டாவை யாராவது துடைத்துவிட்டால் போய்விடும். வெள்ள நாளில் டவர் போகும் ஊருக்கு எழுதும் செயலியில் இந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் மொத்த வேலைக்கும் அர்த்தம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அவசரமாகத் தொடங்கும் பாடங்களில் இது கண்ணில் படாது.

திரையில் என்ன காட்டுவது என்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவோடும் ‘ஹேஸ்பெண்டிங்ரைட்ஸ்’ என்ற குறி வரும். இன்னும் சர்வருக்குப் போகாத எழுத்து அதில் இருக்கிறதா என்பதைச் சொல்லும் குறி அது. பேத்தி அதைப் பார்த்து இரண்டு சொற்களை வைத்தாள்: ‘போனில் இருக்கிறது’, ‘போய்ச் சேர்ந்தது’. பச்சை நிறம் இரண்டாவதற்கு மட்டும். குளத்துக் கரையில் நின்று பதிகிற பெரியவருக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்தது என்றும் நடக்காததை நடக்கவில்லை என்றும் அவருக்குச் சொல்லவேண்டும்.

இதைவிட நுட்பமான இன்னொன்றும் இருக்கிறது. பதிவின் நேரத்தைச் சர்வரே போட்டுக்கொள்ளட்டும் என்று விடும் வசதி உண்டு, ‘சர்வர்டைம்ஸ்டாம்ப்’ என்று. கைபேசிக் கடிகாரம் தப்பாக இருக்கலாம், சர்வர் கடிகாரம் தப்பாது என்பதால் இதைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். பரிந்துரை சரிதான். ஆனால் அது குறிப்பது பதிவு சர்வரை எட்டிய நேரத்தை. டவர் இல்லாத நாளில் ஒருவர் விடியற்காலையில் குளத்தைப் பார்த்துப் பதிகிறார், மூன்றாம் நாள் சாயங்காலம் டவர் வருகிறது என்று வையுங்கள். டேட்டாபேஸில் அந்த அளவு மூன்றாம் நாள் சாயங்காலத்துக் கணக்கில் ஏறும். தண்ணீர் வடிந்த பிறகும் குளம் நிரம்பி நின்றதாகப் படிப்பவர் நினைப்பார். ஆகவே இரண்டையும் வைக்கவேண்டும். கண்ணால் பார்த்த நேரம் ஒரு கட்டத்தில், சர்வருக்கு வந்த நேரம் இன்னொரு கட்டத்தில். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே எந்த ஊரில் எத்தனை நேரம் தொடர்பு அறுந்திருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுவதும் இதே காரணத்தால் ஆகாது. இணைப்பில்லாத இரண்டு பேர் ஒரே குளத்தின் அளவை மாற்றினால், கடைசியில் வந்து சேர்ந்தது நிற்கும், முந்தியது அழிந்துவிடும். ஒவ்வொரு அளவும் தனித்தனிப் பதிவாகச் சேர்ந்துகொண்டே போகட்டும். பழைய கணக்குநோட்டில் அடித்துத் திருத்தாமல் அடுத்த வரியில் எழுதச் சொல்லுவோமே, அந்தப் பழக்கம் இங்கேயும் வேண்டும்.

இனி சாவி விஷயம். இதில் பிள்ளைகள் தேவையில்லாத இடத்தில் பயந்து, தேவையான இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். ஃபயர்பேஸ் வலைச் செயலிக்குத் தரும் அமைப்பில் ‘ஏபிஐ கீ’ என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயந்து அதை ஒளிக்கப் பார்ப்பார்கள். பிரவுசருக்குப் போகிற எதையும் ஒளிக்க முடியாது. ஒளிக்கத் தேவையும் இல்லை. அது எந்த ப்ராஜெக்ட் என்று அடையாளம் சொல்வது மட்டும்தான். காவல் இருப்பது செக்யூரிட்டி ரூல்ஸ் என்ற விதிகளில். ஆனால் சர்வரில் ஓடும் அட்மின் லைப்ரரிக்கென்று சர்வீஸ் அக்கவுன்ட் சாவிக் கோப்பு ஒன்று உண்டு. அது அந்த விதிகளையெல்லாம் தாண்டிப் போகும். அதைக் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால் வீட்டுக் கதவைக் கழற்றித் தெருவில் வைத்த மாதிரிதான். ஏற்றிவிட்டுப் பிறகு அழிப்பதால் பயனில்லை. பழைய வரலாற்றில் அது இருக்கும். அந்தச் சாவியையே செல்லாததாக்கிவிட்டுப் புதிது வாங்கவேண்டும்.

டேட்டாபேஸைத் திறக்கும்போதே இரண்டு வழி கேட்கும். ஒன்று எல்லாவற்றையும் பூட்டி வைப்பது, மற்றது டெஸ்ட் மோட். டெஸ்ட் மோடில் 30 நாள் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். முப்பதாம் நாள் கழிந்ததும் எல்லாம் மறுக்கப்படும். அன்றைக்குப் பதறியடித்து அந்தத் தேதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைப்பவர்களை என்னவென்று சொல்வது! பூட்டியே தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு வாருங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதிய விதி சின்னதுதான். படிப்பது யார் வேண்டுமானாலும், புதிதாகப் பதிவது உள்நுழைந்த பதிவாளர்கள் மட்டும், திருத்துவதும் அழிப்பதும் யாருக்கும் இல்லை. அளவு என்பது எண்ணாக இருக்கவேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் அதே விதியில் சேர்த்தார்கள். இதையெல்லாம் கிளவுடைத் தொடாமலே லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க எமுலேட்டர் இருக்கிறது. அதற்கு ஜாவா நிறுவியிருக்க வேண்டும். ஒரு தடவை அந்தப் பாடு பட்டுவிட்டால் போதும்.

காசு பற்றியும் பேசத்தான் வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 பதிவுகள் படிக்கலாம், 20,000 எழுதலாம். கேட்டால் பெருங்கடலாகத் தெரியும். ஒரு குளத்தின் ஒரு வருஷத்துப் பதிவு 365. பக்கத்தைத் திறந்தவுடன் முழு வருஷத்தையும் வாங்கிக் காட்டுமாறு எழுதியிருந்தால், ஒருவர் ஒருமுறை திறப்பதற்கு 365 படிப்பு. 136 பேர் திறந்ததும் அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்தது. மழை நாளில்தான் எல்லோரும் திறப்பார்கள். அன்றைக்குத்தான் கடை மூடும். ஒவ்வொரு குளத்துக்கும் கடைசி ஏழு பதிவு மட்டும் போதும் என்று வரம்பு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காசு கட்டும் திட்டத்துக்கு மாறினால் பட்ஜெட் எச்சரிக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும். செலவைத் தானாக நிறுத்திவிடாது. இதைத் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

டேட்டாபேஸ் எந்த ஊரில் இருக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கும். ஒருமுறை தேர்ந்தால் மாற்ற முடியாது. மும்பை, டெல்லி இரண்டும் பட்டியலில் உண்டு. அமெரிக்க இடம் ஒன்றை அவசரத்தில் அமுக்கிவிட்டால், ஏரலில் இருப்பவர் தட்டும் ஒவ்வொரு தட்டும் கடல் தாண்டிப் போய்த் திரும்பும்.

கொற்கை ஒரு காலத்தில் கடலோரம். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற நூல் இதை முத்துக் குளிக்கும் இடமாகச் சொல்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலில் கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப்போயிற்று. துறைமுகம் காயலுக்குப் போனது, பின்னால் தூத்துக்குடிக்குப் போனது. கிளவுட் உலகத்தில் இத்தகைய மாற்றம் சில வருஷத்தில் நடந்துவிடுகிறது. அமேசானின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் மூன்றாம் பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2025 செப்டம்பரோடு நின்றது. ஃபயர்பேஸ் 2021இல் ஒன்பதாம் பதிப்பில் எழுதும் முறையையே மாற்றியது. தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது அந்த முறை, பக்கம் வேகமாகத் திறக்கும். அதனால் பழைய வீடியோவைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு ஒரு வரியும் ஓடாமல், தனக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. வராமல் இல்லை கண்ணு. நீ பார்ப்பது பழைய கரை. வீடியோவின் வருஷத்தைப் பார், லைப்ரரியின் பதிப்பு எண்ணைப் பார், அந்தச் சேவையின் சொந்த ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார். எந்தப் பதிப்பில் ஓடியது என்பதைக் குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பை அழிக்காமல் கூடவே வைத்திரு.

முதல் நாள் பயிற்சி எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் என் பதில் இது. குரோமில் டெவலப்பர் கருவியைத் திறந்தால் நெட்வொர்க் பகுதியில் ‘ஆஃப்லைன்’ என்று ஒரு தேர்வு இருக்கும். நாலு வரி எழுதி முதல் பதிவு போய்ச் சேர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். உடனே அதை அமுக்கி இணைப்பை அறுத்துவிட்டு இரண்டாவது பதிவை அனுப்புங்கள். என்ன காட்டுகிறது, தாவலை மூடித் திறந்தால் என்ன மிஞ்சுகிறது, இணைப்பு வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விதியைப் பூட்டிவிட்டு ஒரு தடவை அனுப்புங்கள். ‘பெர்மிஷன் டினைடு’ என்று சிவப்பில் வரும் செய்தியை நிதானமாகப் படியுங்கள். ட்ரை, கேட்ச் போட்டு அதைப் பிடித்து, பதிகிறவருக்குப் புரியும் தமிழில் மாற்றிச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி நடப்பதை வைத்து ஒன்று. இந்த ப்ராஜெக்டைத் தன் ஜிமெயிலில் திறந்த பிள்ளைக்கு நாளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும். கிடைக்கத்தான் வேண்டும். அவன் நம்பர் மாறும், பழைய கணக்கின் பாஸ்வேர்ட் மறக்கும், இங்கே குளத்து அளவு பதிபவர்களுக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் பயனர்களும் அனுமதியும் என்ற பக்கம் உண்டு. தொடங்கிய வாரத்திலேயே ஊரில் தங்கப்போகிற இன்னொருவரை அங்கே உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஏரலில் கடை வைத்திருக்கும் ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. உள்ளே போவது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது ஆகிய மூன்றையும் பேத்தி அவர் கையாலேயே செய்யவைத்துக் காட்டியிருக்கிறாள்.